படகு எஞ்சின் சத்தமும் சுண்டெலிக் காதும்: செவித்திறன் ஆய்வுக்கு எந்த விலங்கு? (விவாத இழை)

#1 முட்டம்_அலை

வணக்கம். முதுகலை விலங்கியல் கடைசி வருட ஆய்வுக்குத் திட்டம் எழுதுகிறேன். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகில் எஞ்சின் ஓரமாக வேலை செய்கிறவர்களுக்குக் காது மந்தமாகிறது என்பது எல்லாரும் சொல்வது. அதை விலங்கில் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, தினமும் 4 மணி நேரம், ஒரு மாதம், சுண்டெலிகளுக்கு ஒலிபெருக்கியில் போட வேண்டும். பிறகு கைதட்டினால் திடுக்கிடுகிறதா என்று பார்த்து, கடைசியில் காக்ளியாவை (உள்காதின் நத்தைச் சுருளை) மெழுகில் பதித்து வெட்டிப் பார்க்க வேண்டும். விலங்கறையில் பிளாக் சிக்ஸ் என்ற ஆய்வகச் சுண்டெலி வகை, 8 மாத வயதானவை, வேறொரு ஆய்வில் மிச்சமாக இருக்கின்றன. செலவில்லாமல் கிடைக்கும். இது சரிவருமா?

#2 வேளிமலை_காற்று

வராது. முதல் தடையே சத்தத்தில்தான் இருக்கிறது.

6 சிலிண்டர், நான்கு வீச்சு டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால் வினாடிக்கு 90 வெடிப்பு. அதாவது 90 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஆற்றலின் பெரும்பங்கு 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே நிற்கும். சுண்டெலியின் காது நன்றாக வேலை செய்வது 16 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில். 60 டெசிபெல் அளவில் அதற்குக் கேட்பது ஏறத்தாழ 2-ல் இருந்து 85 கிலோஹெர்ட்ஸ் வரை. 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அதை ஏறக்குறைய செவிடு என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரு மாதம் போடுகிற எஞ்சின் சத்தத்தில் பாதிக்குமேல் அதன் காதுக்குள் போகவே போகாது. முடிவில் "பாதிப்பு இல்லை" என்று வரும். எஞ்சின் சத்தம் பாதுகாப்பானது என்று அதற்கு யாரோ அர்த்தம் எடுப்பார்கள்.

போன் பதிவும் உதவாது. போன் மைக் உரத்த சத்தத்தில் உச்சியை வெட்டிவிடும், தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிந்த கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. சுண்டெலிக் காதின் மேல் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

#3 தோவாளை_தெற்கு

வேளிமலை அண்ணாச்சி சத்தத்தைச் சொல்லிவிட்டார். நான் விலங்கைச் சொல்கிறேன். 8 மாத பிளாக் சிக்ஸ் என்று படித்ததுமே திட்டத்தை மூடிவிடலாம்.

அந்த வகைக்குக் கேடெரின்-23 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. உள்காதில் ஒலியை உணர்கிற மயிர்செல்லின் உச்சியில் உள்ள நுண்முடிகளை ஒன்றோடொன்று கட்டும் நுனி இழையில் அந்தப் புரதம் ஒரு பாதி. மாற்றம் இருப்பதால் 3 முதல் 6 மாதத்துக்குள் உச்ச அதிர்வெண் கேட்கும் திறன் குறைய ஆரம்பிக்கும், பிறகு கீழ்நோக்கி நகரும். சத்தமே போடாமல் 8 மாதத்தில் 32 கிலோஹெர்ட்ஸில் ஏற்கெனவே இழப்பு இருக்கும். இதில் சத்தத்தால் வந்தது எது, வயதால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. டி.பி.ஏ./2 வகை இன்னும் மோசம், சில வாரத்திலேயே தொடங்கிவிடும்.

இரைச்சல் ஆய்வுக்கு சி.பி.ஏ./சி.ஏ.ஜே. வகையை எடுங்கள். ஒன்றரை வயதிலும் ஓரளவு கேட்கும். 129 எஸ்6 வகை மறுமுனை. அது இரைச்சலைத் தாங்கும் வகை என்பதால் அதில் செய்தாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவில் கலக்காதீர்கள். பெண் சுண்டெலிக்குப் பாதிப்பு சற்றுக் குறைவு. இரவில் போடுகிற சத்தம் பகலில் போடுவதைவிட அதிகம் கெடுக்கும் என்றும் காட்டியிருக்கிறார்கள். அதனால் எல்லா விலங்குக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

#4 முட்டம்_அலை

நன்றி அண்ணே, நன்றி சார். அப்படியென்றால் தாழ்ந்த சத்தம் கேட்கிற விலங்குக்குப் போய்விடலாமா? கினிப்பன்றி?

பக்கத்து வயலில் எலி நிறையப் பிடிபடுகிறது, அதையே பயன்படுத்தலாம் என்று நண்பன் சொல்கிறான்.

#5 வேளிமலை_காற்று

வயல் எலி வேண்டாம் மக்கா. வயது தெரியாது, நடுக்காதில் சீழ் இருந்ததா தெரியாது, ஒட்டுண்ணி எத்தனை தெரியாது. எலிக்காய்ச்சல் ஊரில் அதைக் கையில் எடுப்பதே தப்பு. விதிப்படியும் பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

கினிப்பன்றிக்கு 60 டெசிபெலில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். சின்சில்லா என்ற கொறிணிக்கு 50 ஹெர்ட்ஸ் முதல் 33 கிலோஹெர்ட்ஸ் வரை, மனிதக் காதுக்கு இன்னும் நெருக்கம். இரைச்சல் ஆய்வில் பழைய ஆட்கள் சின்சில்லாவைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஜெர்பில் என்ற பாலைவன எலிக்கும் தாழ்ந்த ஒலி நன்றாகவே கேட்கும். எஞ்சின் சத்தத்தை அப்படியே போட வேண்டும் என்றால் இந்த மூன்றில் ஒன்று.

கினிப்பன்றியில் இரண்டு வசதி. பிறக்கும்போதே காது கேட்கும், சுண்டெலிக்குப் பிறந்து 12 நாளாகும். நடுக்காது எலும்பறை பெரியது, காக்ளியா மூன்றரைச் சுற்றுக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அறுவைக்கு எளிது. உள்காதில் நீர் கூடித் தலைசுற்றும் மெனியர் நோய்க்கான உள்நிணநீர்ப் பை அடைப்பு மாதிரியை 1960-களில் இதில்தான் செய்தார்கள்.

தொல்லை வைட்டமின் சி. நம்மைப் போலவே அதுவும் தானே தயாரிக்காது. உடல் எடை கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வெளியிலிருந்து போக வேண்டும். நம் மாவட்டத்து ஈரப்பதத்தில் தீவன மூட்டையைத் திறந்து வைத்தால் அந்த வைட்டமின் வேகமாகச் சிதையும். இது தீவனப் பிரச்சினையோடு நிற்காது. வைட்டமின் சி அதிகம் சாப்பிட்ட கினிப்பன்றிக்கு இரைச்சல் பாதிப்பு குறைகிறது. முதல் வாரக் குழுவுக்குப் புதுமூட்டை, நாலாம் வாரக் குழுவுக்குப் பழைய மூட்டை என்றால் தரவு கோணிப்போகும்.

#6 பழையாறு

இன்னொரு வழி இருக்கிறது, முதுகலைக் கால அளவுக்குள் முடிகிற வழி. எஞ்சின் சத்தத்தையே நகலெடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் போதும். மனிதனுக்கு இரைச்சலில் முதலில் விழுவது 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதி. எஞ்சின் தாழ்ந்த ஒலி என்றாலும் அங்கேதான் பள்ளம் விழும். காதுக்குழாய் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியைப் பெருக்குகிறது, காயம் விழுவது சத்தத்தின் அதிர்வெண்ணுக்கு அரை எண்மம் (ஆக்டேவ்) மேலே. சுண்டெலியில் அதே நிகழ்வை அதன் காதுக்கு ஏற்ற பட்டையில் உண்டாக்கலாம்.

2009-ல் செவி ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் காட்டிய முறை இது: 16 வார சி.பி.ஏ./சி.ஏ.ஜே. ஆண் சுண்டெலி, 8–16 கிலோஹெர்ட்ஸ் எண்மப் பட்டை இரைச்சல், 100 டெசிபெல், ஒரே தடவை, 2 மணி நேரம். ஒரு நாள் கழித்து உச்ச அதிர்வெண்ணில் வாசல் அளவு, அதாவது கேட்கிற மிகக் குறைந்த சத்தம், 40 டெசிபெல் ஏறியிருக்கும். இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மயிர்செல் எல்லாம் இருக்கும். ஆனால் உள் மயிர்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகளில் அடிச்சுற்றுப் பகுதியில் பாதி வரை போயிருக்கும், திரும்பி வராது.

படகில் போகிறவர் கரைக்கு வந்ததும் "காது அடைச்சிருந்துது, ரெண்டு நாள்ல சரியாப் போச்சு" என்பார். சோதனையிலும் வாசல் அளவு சரியாகவே வரும். ஏலம் போடுகிற கூச்சலில் பேச்சு பிடிபடவில்லை என்பதுதான் அவர் குறை. இந்தச் சுண்டெலி மாதிரி அந்தக் கேள்விக்குப் பொருந்தும்.

டெசிபெலில் கவனம். 94-ல் மிகக் குறைவு, 106-ல் நிரந்தர இழப்பு, 116-ல் திசுவே கிழியும். 3 டெசிபெல் தப்பினால் வேறொரு நோயைத்தான் உண்டாக்குவீர்கள்.

கம்பிக் கூண்டைச் சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு விலங்கு. மரத்தூள் போடக்கூடாது, ஒலியை உறிஞ்சும், குவித்து அதற்குள் தலையை மறைத்தும் கொள்ளும். கொம்பு ஒலிபெருக்கி மேலிருந்து. கால் அங்குல மைக்கை ஒவ்வொரு அறையிலும் விலங்கின் காது உயரத்தில் வைத்து அளங்கள். அறைக்கு அறை ஒன்றிரண்டு டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒலிபெருக்கியை நகர்த்துங்கள். மயக்கம் கொடுத்துச் சத்தம் போடாதீர்கள். கெட்டமினும் ஐசோஃபுளூரேனும் இரைச்சல் காயத்தைக் குறைக்கும். கட்டுப்பாட்டுக் குழுவும் அதே கூண்டில், அதே 2 மணி நேரம், ஒலிபெருக்கி அணைந்த நிலையில் இருக்க வேண்டும். விலங்கறையில் சும்மா விட்டுவைத்தது கட்டுப்பாடு ஆகாது.

#7 கல்குளம்_வாசகி

கைதட்டல் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காதுமடல் துடிக்கும் அனிச்சை 80, 90 டெசிபெலுக்குத்தான் வரும். அதற்குக் கீழே 40 டெசிபெல் இழந்திருந்தாலும் விலங்கு துள்ளும். கைதட்டும்போது காற்றசைவு வேறு. பார்வையாலும் பயப்படும். பழைய ஆய்வுத்தாள்களில் இருப்பதால் பலரும் இன்னும் விடுவதில்லை.

என் யோசனை: சுண்டெலியையே விடுங்கள், ஜீப்ரா மீன் எடுங்கள். பக்கக்கோட்டு உறுப்பின் மயிர்செல்கள் உடலுக்கு வெளியே நிற்கும். 5 நாள் குஞ்சு ஒன்றில் ஒளிரும் நுண்ணோக்கியில் பத்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். நாகர்கோவில் அறை வெப்பநிலை 28 பாகை, அடைகாப்பானே தேவைப்படாத நாட்கள் உண்டு.

#8 பழையாறு

அக்கா, மீன் நல்லதுதான். ஆனால் கேள்வி மாறிவிடுகிறது. பக்கக்கோட்டில் காக்ளியா இல்லை, செவிப்பறை இல்லை, நீரசைவை உணர்கிற உறுப்பு அது. இரைச்சல் கேள்விக்கு ஒத்துவராது. மருந்தால் காது கெடும் கேள்விக்குத்தான் பொருந்தும். மேலும் மீனுக்கு மயிர்செல் இரண்டு மூன்று நாளில் மறுபடி முளைத்துவிடும். கோழிக்கும் முளைக்கும் என்று 1988-ல் தெரிந்தது. நமக்கும் சுண்டெலிக்கும் முளைக்காது. மீனில் "குணமானது" என்று எழுதும்போது காப்பாற்றப்பட்டதா, புதிதாக முளைத்ததா என்று பிரித்துக் காட்டாவிட்டால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார்.

#9 கல்குளம்_வாசகி

அதை ஒப்புக்கொள்கிறேன். காசநோய் ஊசி வகையறா அமினோகிளைகோசைடு, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் என்று கேள்வியை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் மீன். சுண்டெலியில் அந்த மருந்துகளே படுத்தும். கனமைசின் மட்டும் கொடுத்தால் சுண்டெலிக் காது அசையாது, அளவைக் கூட்டினால் விலங்கு செத்துப்போகும். அதனால்தான் கனமைசின் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் தோலடியில் போட்டு, அரை மணி கழித்துச் சிறுநீர் பெருக்கியான ஃபியூரோசமைடு 400 மில்லிகிராம் வயிற்றறையில் போடுகிறார்கள். இரண்டு நாளில் வெளி மயிர்செல் வரிசைகள் காலியாகும், உள்வரிசை பெரும்பாலும் நிற்கும். நீரிழப்பில் சாகாமல் இருக்கத் தோலடியில் சலைன் கட்டாயம்.

மீனுக்கு வேண்டுகிறவர்களுக்காக முறையை எழுதிவைக்கிறேன். மீன் குஞ்சு வளர்க்கும் ஈ3 கரைசல், 50 மடங்கு செறிவில் 1 லிட்டர்: சோடியம் குளோரைடு 14.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.63, கால்சியம் குளோரைடு இருநீரேற்று 2.43, மக்னீசியம் சல்பேட் எழுநீரேற்று 4.07. 20 மில்லியை 1 லிட்டராக்கிப் பயன்படுத்தவும். பூஞ்சை வராமல் முட்டைக்குச் சொட்டு மெத்திலீன் நீலம், ஆனால் சோதனை நாளுக்கு முன் அதை எடுத்துவிடுங்கள், ஒளிர்வைக் கெடுக்கும்.

5 அல்லது 6 நாள் குஞ்சு, குழிக்குப் பத்து. அமினோகிளைகோசைடு வகையான நியோமைசின் 0, 50, 100, 200, 400 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். மூன்று தடவை கழுவி ஒரு மணி நேரம் விட்டு, மயிர்செல்லை ஒளிரவைக்கும் டாஸ்பி சாயம் 0.005 சதவீதம் 15 நிமிடம், மயக்கத்துக்கு எம்.எஸ்.-222, பிறகு எண்ணிக்கை. தலைப்பக்கத்தில் ஒரே நான்கு முடிச்சுகளை (மயிர்செல் கூட்டங்களை) எல்லா மீனிலும் எண்ண வேண்டும். கண்ணில் பட்டதை எண்ணினால் ஆளுக்கு ஒரு விடை வரும். 400-ல் அநேகமாக எல்லாம் போய்விடும். நியோமைசின் சல்பேட்டின் வீரியம் புட்டிக்குப் புட்டி வேறு. பிறர் தாளில் உள்ள அளவை எடுத்து நேரே போடாமல் உங்கள் புட்டிக்கு ஓர் அளவு-விளைவு வரைகோடு போடுங்கள்.

இங்கே தப்பு நடப்பது தண்ணீரில். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் நியோமைசின் நுழைகிற வாயிலை அடைத்துக்கொள்ளும். மருந்து வேலை செய்யவில்லை போலத் தெரியும். மீன் கடையில் பாசி போக விற்கிற நீல மருந்தில் தாமிரம் இருக்கும், தாமிரம் பக்கக்கோட்டு மயிர்செல்லை நேரடியாகக் கொல்லும். தொட்டியில் அதை ஒரு தடவை ஊற்றியிருந்தாலே கட்டுப்பாட்டு மீனிலும் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கும்.

இன்னொன்று. ஒரு மூலிகைச் சாறு "காப்பாற்றியது" என்று வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். சாறு அந்த வாயிலை அடைத்து மருந்தை உள்ளே விடாமல் செய்திருக்கலாம். டெக்சஸ் சிவப்புச் சாயம் ஏற்றிய ஜென்டமைசினைக் கொடுத்து, செல்லுக்குள் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும். துளசி, ஆடாதோடை, கீழாநெல்லி என்று வரிசையாக வருகிற தாள்களில் பாதி இந்த ஒரு சோதனையைச் செய்வதில்லை.

#10 முட்டம்_அலை

மீன் ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்குப் படகுக்காரர் கேள்விதான் முக்கியம். பழையாறு அண்ணன் சொன்ன 100 டெசிபெல் முறையையே எடுக்கிறேன். கைதட்டலுக்குப் பதில் ஏ.பி.ஆர்., அதாவது ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தருகிற மின் அலைகளை அளக்கும் சோதனை. எங்கள் துறையில் பழைய பெருக்கி ஒன்று கிடக்கிறது. அலை எல்லாம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக வருகிறது என்று யாரும் தொடுவதில்லை.

#11 ஆரல்_காற்றாலை

அது கருவிக் கோளாறாக இருக்காது. வரிசையாகப் பாருங்கள்.

தூண்டல் வீதத்தை வினாடிக்கு 25 என்று வைத்திருப்பார்கள். 50-ஐ அது மீதியில்லாமல் வகுக்கும், மின் இரைச்சல் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து கூடிக்கொண்டே போகும். 21.1 என்று மாற்றுங்கள், பாதி போய்விடும். வடிகட்டி 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தாலும் 50-ன் மேல் மடங்குகள் உள்ளே நுழையும், அதனால் வடிகட்டியை மட்டும் நம்ப முடியாது. யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்கு, மின்விசிறி வேகக் கட்டுப்பாடு மூன்றையும் அணைத்துவிட்டு அலையைப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கின் உள் சுற்று. மூன்று ஊசிக் கம்பியையும் முறுக்கி ஒன்றாக்குங்கள், தடை 3 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டடத்து மூன்றாம் முனையை நம்பாமல் நில இணைப்பைத் தனியாகச் சோதியுங்கள். ஐப்பசி இடிமழையில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள்.

ஊசி இடம்: உச்சந்தலையில் ஒன்று, சோதிக்கிற காதின் பின்கீழ் ஒன்று, வாலடியில் நில ஊசி. தொனி 5 மில்லிவினாடி, ஏற்றமும் இறக்கமும் அரை மில்லிவினாடி, முனைமை மாறி மாறி. 512 முதல் 1,024 வரை சராசரி. 90-ல் இருந்து 5 டெசிபெல் படியாக இறக்குங்கள். செவி நரம்பிலிருந்து வரும் முதல் அலை சில மைக்ரோவோல்ட்தான் என்பதால் விலங்கு மூச்சு வாங்கினாலே அழிந்துபோகும்.

கெட்டமின் 100, சைலசின் 10, கிலோவுக்கு மில்லிகிராம். மயக்கத்தில் சுண்டெலி நிமிடங்களில் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் அலைகள் தள்ளிப்போகும், அதைக் காது நோய் என்று எழுதிவிடுவார்கள். ஆசனவாய் வெப்பமானியோடு கூடிய விரிப்பு 37 பாகையில். ஏ.சி. காற்று நேராக மேலே படக்கூடாது.

கடற்கரைக் காற்றில் மைக் ஒரு பருவத்துக்குள் கெடும். சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்து, அளவீட்டு நாளில் மட்டும் எடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் காய வையுங்கள்.

#12 தோவாளை_தெற்கு

சத்தம் போடுவதற்கு முன் ஓர் ஏ.பி.ஆர்., ஒரு நாள் கழித்து ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. வாசல் அளவு திரும்பிய விலங்குகளில் 80 டெசிபெலில் முதல் அலையின் உயரத்தைப் பாருங்கள். உங்கள் விடை அங்கே இருக்கிறது. கூடவே 2எஃப்1–எஃப்2 காதொலி உமிழ்வும் (இரண்டு தொனி போடும்போது காதே திருப்பி உமிழும் ஒலி) எடுத்தால் வெளி மயிர்செல் நன்றாக இருக்கிறது என்று காட்டலாம். எஃப்2-க்கும் எஃப்1-க்கும் விகிதம் 1.2, முதல் தொனி 10 டெசிபெல் உரக்க. ஒவ்வொரு தடவையும் ஓட்டோஸ்கோப்பில் செவிப்பறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்காதில் நீர் இருந்தால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றுபோல இழப்பு காட்டும்.

மெழுகு வெட்டு வேண்டாம். வெட்டில் ஓரிரு செல்தான் தெரியும், இணைப்பு தெரியவே தெரியாது. மயிர்செல் வரிசைகளைப் பரப்பாக விரித்துப் பார்க்கும் முழுப்பரப்புத் தயாரிப்பு செய்யுங்கள். அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு, உச்சியில் சிறு துளை போட்டு, வட்டச் சாளரம் வழியாக 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடை மெல்லச் செலுத்த வேண்டும். அழுத்தினால் மயிர்செல்கள் நிற்கும் கார்ட்டி உறுப்பு கிழிந்து மிதக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிலைநிறுத்தக் கூடாது. இரவு முழுக்க விட்டால் குளூட்டமேட் ஏற்பிச் சாயம் பிடிக்காது. பிறகு எலும்பை மென்மையாக்க இ.டி.டி.ஏ. 0.12 மோலார், சில நாள், தினம் மாற்றிக்கொண்டு. ஊசி முனையால் ஓரத்தை அழுத்தினால் ரப்பர் போல அமுங்க வேண்டும், நொறுங்கினால் இன்னும் ஒரு நாள்.

துண்டுகளை நீளம் அளந்து அதிர்வெண் வரைபடத்தோடு பொருத்தி, சி.டி.பி.பி.2-வும் (மயிர்செல் பக்கத்துக் குறி) குளூ.ஏ.2-வும் (நரம்புப் பக்கத்துக் குளூட்டமேட் ஏற்பி) சேர்ந்து தெரிகிற புள்ளிகளை எண்ணுங்கள். நடுப்பகுதியில் ஓர் உள் மயிர்செல்லுக்கு 15 முதல் 20 புள்ளி சாதாரணம். எண்ணுகிறவருக்கு எது இரைச்சல் குழு என்று தெரியக்கூடாது.

#13 கல்குளம்_வாசகி

ஒரு சேர்க்கை. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் இதே சுண்டெலியை வைத்துச் செய்யலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். இந்தியாவில் அடிக்கடி வருவது ஜி.ஜே.பி.2 மரபணுவின் டபிள்யூ24எக்ஸ் மாற்றம். சுண்டெலியில் அந்த மரபணுவை முழுதும் நீக்கினால் கருவிலேயே சாகும், நச்சுக்கொடி வழியாகக் குளுக்கோஸ் போவதற்கு அந்தப் புரதம் அங்கே தேவை. மனிதனில் அப்படி இல்லை. அதனால் காதில் மட்டும் நீக்குகிற நிபந்தனை முறைதான் வழி. முதுகலைக்கு அது எட்டாது.

#14 முட்டம்_அலை

நெறிமுறைக் குழுவுக்கு எத்தனை விலங்கு என்று எழுதட்டும்? அனுமதி எங்கே?

#15 வேளிமலை_காற்று

சுண்டெலிக்கு உங்கள் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு போதும், படிவம் பி. குழு, விலங்குப் பரிசோதனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான சி.சி.எஸ்.இ.ஏ.-வில் பதிவாகியிருக்க வேண்டும், முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றிருந்தது அதுதான். பதிவெண் காலாவதியாகியிருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் விலங்கு வாங்காதீர்கள்.

எண்ணிக்கையை முதல் அலை உயரத்தின் சிதறலை வைத்துக் கணக்கிட்டு எழுதுங்கள், வழக்கமாக 6 என்று எழுதினால் குழு திருப்பும். மயக்கத்தில் ஒன்றிரண்டு போகும், அதையும் காரணத்தோடு சேர்த்துக் கேளுங்கள். உங்கள் முறையில் விலங்குக்கு மூன்று மயக்கம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு சூடான கூண்டில் எழும்பும் வரை யார் பக்கத்தில் இருப்பார்கள் என்றும், விலங்கு எடை எத்தனை சதவீதம் குறைந்தால் ஆய்விலிருந்து எடுப்பீர்கள் என்றும் எழுத வேண்டும். குழு கேட்கும் முதல் இரண்டு கேள்வி இவைதான்.

அந்த 8 மாத பிளாக் சிக்ஸைச் சும்மா விடவேண்டாம். அதே படிவத்தில் அவற்றையும் காட்டி அனுமதி வாங்கி, ஊசி குத்தவும் காக்ளியா பிரிக்கவும் அவற்றில் கை பழகுங்கள். 32 கிலோஹெர்ட்ஸில் அலை வராவிட்டால் பெருக்கியைக் குறை சொல்லாதீர்கள். 8-லும் 12-லும் வருகிறதா என்று பாருங்கள்.